எட்டு மணி மாத்திரை

நடுவர் அவர்களே! ‘விமானம் உறவுகளைச் சேர்க்கிறது’ என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டுப் போனார். நீங்களும் கைதட்டினீர்கள். ஒரு நாள் முழுக்க விமானத்திலும் விமான நிலையத்திலும் கிடந்தவன் சொல்கிறேன், கேளுங்கள்.

சென்னையிலிருந்து சிட்னி போகிறேன். நடுவே சிங்கப்பூர் சாங்கியில் ஆறு மணி நேரம் காத்திருப்பு. நிலையத்துக்குள்ளேயே ரயில் ஓடுது. 40 மீட்டர் உயரத்திலிருந்து அருவி கொட்டுது. நம்ம வீட்டுக் குழாயில தண்ணி வரல! (சிரிப்பு)

பக்கத்தில் ஒரு அம்மா. மகள் பிரசவத்துக்குப் போறாங்க. அங்கே மணி இரவு பத்தரை. அவங்க கைக்கடிகாரம் எட்டு காட்டுது.

‘இங்கே நேரம் இரண்டரை மணி முன்னாடிம்மா. மாத்தி வைச்சுத் தரட்டுமா?’ன்னு கேட்டேன். சட்டுன்னு கையை இழுத்துக்கிட்டாங்க.

‘வேணாம் தம்பி. எட்டு மணிக்கு அவருக்குச் சர்க்கரை மாத்திரை. ரெண்டு டிக்கெட் கட்டுபடியாகல, தனியா விட்டுட்டு வந்திருக்கேன்.’

‘போன்ல கேட்கலாமே?’

‘கேட்டேன். போட்டுட்டேன்னுதான் சொல்றாரு. போட்டாரான்னு யாரு பார்க்கிறது?’

நடுவர் அவர்களே! மகளிடம் சேர்க்கிற அதே விமானம்தான் கணவரிடமிருந்து பிரிக்கிறது. சிட்னி போய் இறங்கிய பிறகும் அந்தக் கடிகாரம் ஊர் நேரத்தில்தான் ஓடியிருக்கும். அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுங்கள்.