இரு வீட்டுப் பிள்ளை: பெற்றோர் மணமுறிவும் சிறுவர் தொடர் நாவலும்



தமிழ் வகுப்பறைகளில் ஆண்டுதோறும் தவறாமல் எழுதப்படும் கட்டுரைகளுள் ஒன்று ‘என் குடும்பம்’. தந்தை, தாய், உடன்பிறந்தோர் என்ற வரிசையில் அக்கட்டுரை அமையும். தந்தை ஓர் ஊரில் வேறொரு துணைவியோடும், தாய் மற்றோர் ஊரில் வேறொரு துணைவரோடும் வாழ, தான் பாட்டியின் வீட்டில் வளரும் பிள்ளை அக்கட்டுரையை எப்படி எழுதும்? பெரும்பாலும் பொய் எழுதும். அல்லது இரண்டு வரியோடு நிறுத்திக்கொள்ளும். அந்தப் பிள்ளைக்கு மொழித்திறன் குறைவு என்று நாம் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறோம். உண்மையில் அதற்குக் குறைவாயிருப்பது முன்மாதிரி. தன்னைப் போன்ற ஒருவனையோ ஒருத்தியையோ அது எந்தத் தமிழ்க் கதையிலும் கண்டதில்லை. மணமுறிவுக்குப் பின் பெற்றோர் புதுவாழ்வு அமைத்துக்கொள்ள, நடுவே வளரும் பதின்ம வயதுப் பிள்ளையைக் கதைத்தலைமையாகக் கொண்ட சிறுவர் தொடர் நாவலைப் பற்றி இன்று பேச முன்வந்ததற்கு அதுவே காரணம்.

மணமுறிவு மேலைநாட்டுச் சரக்கு, நமக்கு அந்நியம் என்று சிலர் கருதக்கூடும். அது சரியன்று. உழைக்கும் தமிழ் மக்கள் பலரிடையே ‘அறுத்துக் கட்டுதல்’ என்னும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஒத்துவராத மணத்தை ஊரறியத் தீர்த்துக்கொண்டு மறுமணம் செய்துகொள்வதை அவ்வழக்கம் ஏற்றது. சட்டத்தின் நிலையையும் நோக்குவோம். முஸ்லிம் அல்லாதாரின் திருமணம், மணவிலக்கு பற்றிய சட்டம் இந்நாட்டில் 1976ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1982 மார்ச் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. பிள்ளை யாரிடம் வளர்வது என்று தீர்மானிக்கும்போது பிள்ளையின் நலனையே முதன்மையாகக் கொள்ளவேண்டும் என்றும், தன் கருத்தைத் தானே சொல்லும் வயதடைந்த பிள்ளையின் விருப்பத்தையும் கருதவேண்டும் என்றும் அச்சட்டத்தின் 88ஆம் பிரிவு கூறுகிறது. சட்டம் பிள்ளையின் சொல்லைக் கேட்க ஆயத்தமாயிருக்கிறது. நம் சிறுவர் இலக்கியம்தான் இன்னும் கேட்கவில்லை.

பழந்தமிழ் இலக்கியம் கேட்டதா? மருதத்திணைப் பாடல்களில், பிரிந்து சென்ற தலைவனுக்கும் ஊடிய தலைவிக்கும் இடையே சிறுமகன் வருகிறான். தந்தை மீண்டும் வீட்டினுள் நுழைய அவன் ஒரு வாயில். அதாவது, பெற்றோரைச் சேர்த்துவைப்பதே அவன் பணி. அவன் என்ன நினைத்தான் என்று அறிய வழியில்லை. அவன் பேசுவதற்கு இடமே இல்லை. இருப்பினும் அகநானூற்றின் 16ஆம் பாடலில் வியக்கத்தக்க ஒரு காட்சி உண்டு. தெருவில் தனியே விளையாடிக்கொண்டிருக்கும் மகனைத் தலைவனின் பரத்தை கண்டு, ஆசையோடு வாரி அணைக்கிறாள். அதைத் தலைவி பார்த்துவிடுகிறாள். களவு கையும் மெய்யுமாகப் பிடிபட்டவள்போல் பரத்தை தலைகுனிந்து நிற்க, தலைவி அவளைச் சினந்து விரட்டவில்லை. நீயும் இவனுக்குத் தாய்தானே என்கிறாள். கணவனிடம் அவள் இதைச் சொல்லுமிடத்தில் குத்தல் இருக்கிறது என்பது உண்மையே. ஆயினும் ஒரு பிள்ளைக்கு இரண்டு தாயர் இருக்கக்கூடும் என்னும் எண்ணத்தைத் தமிழ்ப் புலவர் ஒருவர் அன்றே சொல்லிவைத்தார்.

மணிமேகலைக்கு வருவோம். கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த அப்பெண் தந்தையை இழந்தவள். துறவு பூண்ட தாயின் மகள். அவள் வஞ்சி நகர் சென்று கண்ணகியின் படிமத்தின்முன் நிற்கும்போது, தன் தந்தையின் முதல் மனைவியாகிய கண்ணகியைத் தாயாகவே போற்றுகிறாள். காப்பியம் கண்ணகியை அவளுடைய தாய் என்றே குறிக்கிறது. நம் மரபில் இந்த உறவுக்கு இடம் இருந்தது என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டுவதில்லை.

இனித் தற்காலச் சிறுவர் இலக்கியத்துக்கு வருவோம். ஜெர்மானிய எழுத்தாளர் எரிக் கேஸ்ட்னர் 1949இல் வெளியிட்ட ‘இரட்டை லோட்டே’ என்னும் நாவலில், பெற்றோர் பிரிந்ததால் மியூனிக்கிலும் வியன்னாவிலும் தனித்தனியே வளர்ந்த இரட்டைச் சிறுமியர் ஒரு விடுமுறை இல்லத்தில் சந்திக்கின்றனர், இடம் மாறிக்கொள்கின்றனர், முடிவில் பெற்றோரைச் சேர்த்துவைக்கின்றனர். இக்கதை 1961இல் ஹாலிவுட் படமாயிற்று. அதன் வழியில் 1965இல் ஏவிஎம் நிறுவனம் எடுத்த தமிழ்ப்படமே கிருஷ்ணன்–பஞ்சு இயக்கிய ‘குழந்தையும் தெய்வமும்’. குட்டி பத்மினி இரட்டை வேடத்தில் நடித்த அப்படத்தை இங்குள்ள மூத்தோர் பலரும் அறிவர். நம் மக்கள் அதனை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை. சங்கப் பாடலின் சிறுமகன் ஆற்றிய பணியையே அவ்விரட்டையரும் ஆற்றினர்: பிள்ளை வாயிலாயிற்று, குடும்பம் கூடிற்று.

அக்கதை அழகியது. ஆயினும் பெற்றோர் மீண்டும் சேராத வீட்டுப் பிள்ளைக்கு அது ஒரு சுமையையும் தருகிறது. தான் இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்திருப்பார்கள் என்று அப்பிள்ளை தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்ள நேரிடும்.

அமெரிக்க எழுத்தாளர் ஜூடி புளூம் 1972இல் எழுதிய ‘இது உலகத்தின் முடிவல்ல’ என்னும் நாவல் இச்சுமையை இறக்கிவைத்தது. அதில் வரும் கேரன் என்னும் சிறுமி ஒவ்வொரு நாளுக்கும் தன் குறிப்பேட்டில் மதிப்பெண் இடுகிறாள். பள்ளிக்காகத் தான் செய்த மாதிரியமைப்பைக் காட்டும் சாக்கில் பெற்றோரை ஓரிடத்தில் சந்திக்கவைக்க முயல்கிறாள். அவர்கள் சந்திக்கின்றனர், சண்டையிடுகின்றனர். அவர்கள் சேரப்போவதில்லை என்பதை அவள் ஏற்றுக்கொள்ளும்போது கதை முடிகிறது. பெவர்லி கிளியரியின் ‘அன்புள்ள திரு. ஹென்ஷா’ 1983இல் வந்தது. மறு ஆண்டு நியூபெரி பதக்கம் பெற்றது. சரக்கு வண்டி ஓட்டும் தந்தையைப் பிரிந்து தாயோடு வாழும் லீ என்னும் சிறுவன் ஓர் எழுத்தாளருக்குக் கடிதம் எழுதி எழுதியே தன் மனத்தை அறிகிறான். முடிவில் தந்தை திரும்பிவந்து, மீண்டும் சேர்ந்து வாழலாமா என்று கேட்கிறார், தாய் மறுக்கிறாள். தனிமையில் வாடும் தந்தைக்குத் துணையாக இருக்கட்டும் என்று, தான் மிகவும் நேசித்த நாயை அவரிடமே விட்டுவிடுகிறான் சிறுவன். அவன் யாரையும் சேர்த்துவைக்கவில்லை. ஆயினும் இருவர்க்கும் மகனாக இருக்கிறான்.

கிளியரி அதோடு நிறுத்தவில்லை. 1991இல் ‘ஸ்டிரைடர்’ என்னும் தொடர்ச்சியை எழுதினார். லீக்கு அப்போது வயது 14. அவனும் அவன் நண்பனும் கடற்கரையில் கண்டெடுத்த நாயை முறைவைத்துப் பகிர்ந்து வளர்க்கின்றனர். பெற்றோர் பிள்ளையைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டைப் பிள்ளைகளே ஒரு நாயைக்கொண்டு ஒத்திகை பார்க்கின்றனர் எனலாம். தந்தையைப் பற்றிய லீயின் எண்ணமும் இரண்டு நூல்களுக்கிடையே வளர்ந்திருக்கிறது.

தொடர் நாவல் ஏன் வேண்டும் என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. நீதிமன்றத்தில் மணமுறிவு ஒரு நாளில் முடியும். பிள்ளைக்கோ அது பல்லாண்டு நீளும். முதலில் பிரிவு; பின்பு இரண்டு முகவரிகள்; பின்பு தந்தையின் கைப்பேசியில் அறிமுகமில்லாத ஒரு பெயர்; பின்பு ஒரு திருமணம்; பின்பு பாதி உறவுள்ள ஒரு தம்பியோ தங்கையோ. ஒரே நூலில் இவ்வளவையும் அடைத்தால் ஆசிரியர் அவசரப்பட்டு ஒரு முடிவைக் கட்டிவிட நேரும். ஐந்தாறு நூல்களாக விரித்தால், வாசகப் பிள்ளையும் கதைப் பிள்ளையோடு சேர்ந்து வளரலாம். தொடரில் நேற்றைய வெறுப்பு நாளைய பழக்கமாவதைக் காட்ட இடமுண்டு.

ஆன் எம். மார்ட்டின் 1986இல் தொடங்கிய ‘குழந்தை பராமரிப்போர் சங்கம்’ என்னும் அமெரிக்கத் தொடர் இதற்கு நல்ல சான்று. கிறிஸ்டி என்னும் சிறுமியின் தந்தை விலகிச் சென்றவர். தாய் வேறொருவரை மணந்து, பிள்ளைகளோடு புதிய பெரிய வீட்டுக்குக் குடிபெயர்கிறாள். டான் என்னும் சிறுமியின் தாயும், அவள் தோழி மேரி ஆனின் தந்தையும் மணந்துகொள்ள, தோழியர் இருவரும் உடன்பிறந்தார் ஆகின்றனர். நெருங்கிய தோழியாயிருப்பது வேறு, ஒரே அறையில் உறங்குவது வேறு என்பதை அவர்கள் பின்வரும் நூல்களில் கற்கின்றனர். டானின் தம்பியோ தந்தையிடம் வாழ்வதே தனக்கு நல்லது என்று கலிபோர்னியாவுக்குத் திரும்பிவிடுகிறான். இத்தொடரில் ஒரு குறையும் உண்டு. ஆண்டுகள் பல கடந்தும் அச்சிறுமியர் வயது 13ஐத் தாண்டுவதில்லை. குடும்பம் மாறிக்கொண்டே போகிறது. பிள்ளை மட்டும் வளரவில்லை. நாம் எழுதும் தொடரில் இக்குறையைத் தவிர்க்கவேண்டும்.

பிரிட்டிஷ் எழுத்தாளர் ஜாக்குலின் வில்சனின் ‘பெட்டிக் குழந்தை’ 1992இல் வந்தது. ஆண்டி என்னும் பத்து வயதுச் சிறுமி ஒரு வாரம் தாய்வீட்டிலும் ஒரு வாரம் தந்தைவீட்டிலும் பெட்டியோடு அலைகிறாள். இரு வீட்டிலும் புதிய துணைவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உள்ளனர். யாரோடு வாழ விரும்புகிறாய் என்று கேட்கும்போது, மூவரும் முன்பு வாழ்ந்த பழைய வீட்டைத்தான் அவள் கேட்கிறாள். பிள்ளையின் விருப்பத்தைக் கருதவேண்டும் என்று சட்டம் சொல்வது சரியே. ஆனால் பிள்ளையின் முதல் விருப்பம் எந்த நீதிமன்றமும் வழங்க இயலாத ஒன்று. அதைச் சொல்லி ஆற்றிக்கொள்ள இலக்கியம் வேண்டும்.

மொழிமன்ற மேடை ஆதலின், சொற்களைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். அரசோ நிறுவனமோ பாகுபாடு காட்டும்போது ‘மாற்றாந்தாய் மனப்பான்மை’ என்று நாளிதழ்கள் எழுதுகின்றன. நாமும் அதை மரபுத்தொடர்போல் கற்பிக்கிறோம். வகுப்பில் மூன்றாவது வரிசையில், தன்னைக் காலையில் எழுப்பிப் பசியாற வைத்து அனுப்பும் மாற்றாந்தாயின் பிள்ளை அமர்ந்திருக்கக்கூடும். ‘உடைந்த குடும்பம்’ என்கிறோம். இரண்டு வீடுகளில் வாழ்வது உடைவு ஆகவேண்டியதில்லை. ‘விவாகரத்து’ என்னும் சொல்லில் வடமொழியும் அரபும் கலந்துள்ளன. ‘மணமுறிவு’, ‘மணவிலக்கு’ என்பன தமிழ். இம்மூன்றும் கணவன் மனைவி உறவின் முடிவையே சுட்டுகின்றன; பெற்றோர் பிள்ளை உறவின் முடிவையன்று. இவ்வேறுபாட்டை மாணவர்க்கு விளக்குவது இலக்கணப் பாடம் மட்டுமன்று, ஆறுதலும் ஆகும். தந்தையின் புதிய துணைவியை எப்படி அழைப்பது என்பது பிள்ளைக்குப் பெரிய சிக்கல். ‘அம்மா’ என்றால் பெற்றவளுக்குத் துரோகம் என்று தோன்றும். ‘ஆன்ட்டி’ என்றால் விருந்தாளியாகிவிடுவாள். தமிழில் ‘சின்னம்மா’ இருக்கிறது, ‘சித்தி’ இருக்கிறது. பெற்றவளின் இடத்தைப் பறிக்காமலே உறவு கொடுக்கும் சொற்கள் இவை.

இத்தகைய தொடரைப் பிரிஞ்சாங் வட்டாரத்தையே களமாகக் கொண்டு எழுதலாம். கதைத்தலைவிக்கு முதல் நூலில் 12 வயது, கடைசி நூலில் 17 வயது இருக்கட்டும். பாட்டி தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். லயத்து வீட்டுக் கதைகள் அறிந்தவர். தந்தை ஈப்போவில், தாய் ஜொகூரில். பள்ளி விடுமுறையில் ஒருமுறை சிம்பாங் பூலாய்ப் பாதையில் இறங்கவேண்டும், மறுமுறை தாப்பா வளைவுகளில் இறங்கவேண்டும். மலையில் அணியும் குளிர்ச்சட்டை கீழே பயன்படாது. ஆதலால் இரு வீட்டிலும் இரு வகை உடுப்பு. தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாருடைய கதையும் தெரியும். கோவில் திருவிழாவில் தாயும் தந்தையும் தத்தம் புதிய துணையோடு வந்தால் அவள் யார் பக்கம் நிற்பது? இந்த ஒரு வினாவே ஒரு நூலுக்குப் போதும்.

எழுத முனைவோர் மூன்றை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன். பெற்றோரைச் சேர்த்துவைக்கும் பணியைப் பிள்ளைமேல் சுமத்தாதீர்கள். பெற்றோரில் எவரையும் கொடியவராக்காதீர்கள். பிள்ளை இருவரிலிருந்தும் வந்தது. மணமுறிவு மட்டுமே பிள்ளையின் வாழ்வு என்று காட்டாதீர்கள்; அதற்குத் தேர்வு உண்டு, நட்பு உண்டு, பூப்பந்து உண்டு, சிரிப்பும் உண்டு.

சிறுவர்க்கு இதையெல்லாம் சொல்லலாமா என்று பெற்றோர் சிலர் கேட்பர். கேஸ்ட்னர் தம் நாவலின் நடுவிலேயே இதற்கு விடை சொன்னார். சிறுமியாயிருந்த ஷெர்லி டெம்பிள், தான் நடித்த படத்தையே காண வயது போதாதென்று தடுக்கப்பட்டதை எடுத்துக்காட்டினார். வாழ்ந்து அனுபவிக்க வயது போதுமானால் படித்து அறியவும் போதும் என்பதே அதன் கருத்து. தமிழிலும் வழி திறந்துள்ளது. சிறுவர்மீதான பாலியல் சீண்டலைப் பற்றி யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ 2020இல் சாகித்திய அகாதெமியின் பால புரஸ்கார் விருது பெற்றது. நம் நாட்டிலும் கே. பாலமுருகன் போன்ற ஆசிரியர்கள் சிறுவர் மர்ம நாவல்கள் எழுதிவருகின்றனர். கடினமான பொருளைச் சிறுவர்க்குச் சொல்லும் துணிவும், அவர்களைப் படிக்கவைக்கும் கதைத்திறனும் தமிழில் உள்ளன. அவ்விரண்டையும் இப்பொருளுக்குக் கொண்டுவருவதே எஞ்சியுள்ள பணி.

ஆசிரியப் பெருமக்களே, அதுவரை ஒன்று செய்யலாம். ‘என் குடும்பம்’ என்னும் தலைப்புக்குப் பதிலாக ‘என்னோடு வாழ்பவர்கள்’ என்று கொடுத்துப் பாருங்கள். மாணவர்களே, உங்களுள் எவரேனும் இரு வீட்டுப் பிள்ளையாயிருந்தால், அதை மறைக்கவேண்டிய தேவையில்லை. எழுதவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எழுத விரும்பினால், அதற்கான சொற்கள் உங்கள் தாய்மொழியில் இருக்கின்றன.