தனம் அண்ணியும் தேவி ஏட்டத்தியும்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



தொலைக்காட்சித் தொடர் நடிகை ஒருவரின் வாழ்வும் தொழிலும் இந்த ஆண்டுச் சொற்பொழிவின் பொருள். நடிகையின் பெயர் சுஜிதா. பெயரைச் சொன்னால் சிலர் யோசிக்கக்கூடும். ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தனம் என்றால் யாரும் யோசிக்கமாட்டார்கள். அவர் திருவனந்தபுரத்துக்காரர், மலையாளக் குடும்பத்தில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருந்தபோதே கேமராவுக்கு முன் வந்தவர். தொடர் நடிகை செய்வது என்ன வேலை, அந்த வேலையை எப்படி மதிப்பிட வேண்டும் என்பதை அவருடைய நாற்பது ஆண்டு உழைப்பிலிருந்து பேசலாம். அதைப் பேச பாறசாலை, நெய்யாற்றின்கரை, களியக்காவிளை போன்ற தமிழ்நாடு–கேரள எல்லையோர ஊர்களைவிடத் தகுந்த இடம் கிடையாது.

காரணம் எளிது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. தமிழ்நாட்டோடு இணைக்க வேண்டும் என்று நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்ட தாலுகாக்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்தத் தாலுகாவைச் சேர்ந்த பாறசாலைப் பிள்ளைகள் பெரும்பாலும் மலையாளத்தில் படிக்கிறார்கள். பெண் கொடுப்பதும் எடுப்பதும், சந்தைக்குப் போவதும் வருவதும் இரண்டு பக்கமும் நடக்கின்றன. திருவனந்தபுரம் தூர்தர்ஷன் 1985-இல் மலையாள நிகழ்ச்சிகளைத் தொடங்கியது. 1993-இல் சன் டிவியும் ஏஷியாநெட்டும் வந்தன. இங்குள்ள வீடுகளில் இரண்டு மொழித் தொடர்களும் ஒரே ரிமோட்டுக்குள் அடங்கின.

2018 அக்டோபரில் ஸ்டார் விஜய்யில் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடங்கியது. 2020-இல் அதே கதை ‘சாந்த்வனம்’ என்ற பெயரில் ஏஷியாநெட்டில் வந்தது. தமிழில் சுஜிதாவின் தனம் அண்ணி, மலையாளத்தில் சிப்பியின் தேவி ஏட்டத்தி, அதாவது தேவி அண்ணி. ஒரே பாத்திரத்தை இரண்டு நடிகைகள் நடிக்க, இரண்டு மொழியும் அறிந்த ஒருவர் இரண்டையும் ஒரே மாலையில் பார்க்க முடிந்தது. சென்னையில் இருக்கும் விமர்சகருக்கும் கொச்சியில் இருக்கும் விமர்சகருக்கும் எளிதில் கிடைக்காத வாய்ப்பு இது.

கோமளத்தின் ஐந்து படங்கள்

இந்த மண்ணில் நடிப்புக்கு வந்த முன்னோடிப் பெண்ணை வணங்கிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். நெய்யாற்றின்கரை கோமளம், 1951-இல் வந்த ‘வனமாலா’வில் அறிமுகமானார். 1952-இல் ‘மருமகள்’ படத்தில் பிரேம் நசீருக்கு ஜோடியாக நடித்தார். நசீருக்கு அது முதல் படம். அப்போது அவர் அப்துல் காதர்தான், நசீர் என்ற பெயர் இன்னும் வரவில்லை. 1955-இல் பி. ராமதாஸ் என்ற இளைஞர் தம் கல்லூரி நண்பர்களோடு சேர்ந்து எடுத்த ‘நியூஸ்பேப்பர் பாய்’ படத்திலும் கோமளம் இருந்தார். மலையாள சினிமா நடைமுறை வாழ்க்கையைப் பார்க்கத் திரும்பிய முதல் முயற்சிகளில் ஒன்று அது.

‘ஆத்மசாந்தி’யையும் ‘சந்தேகி’யையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து படங்கள். அத்தோடு அவருடைய திரைவாழ்வு முடிந்தது. நல்ல குடும்பத்துப் பெண் நடிக்கப் போவதா என்று ஊரும் உறவும் கேட்ட காலம் அது. அவர் 2024-இல் தமது 96-ஆம் வயதில் காலமானார். ஐந்தே ஆண்டுக் கலைவாழ்வு, பிறகு எழுபது ஆண்டு மௌனம்.

இசையிலும் இதே நிலைதான். பாறசாலையில் 1924-இல் பிறந்த பொன்னம்மாள், திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் பாடிய முதல் பெண் என்ற இடத்தைப் பெற்றது 2006-இல். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்திருந்தது. இப்படிப்பட்ட நிலத்தின் அருகிலிருந்து வந்த ஒரு பெண் நாற்பது ஆண்டு இடைவிடாமல் நடித்திருக்கிறார் என்றால், அது தனிமனிதச் சாதனை மட்டும் ஆகாது. மாறிய காலத்துக்கும் அது சாட்சி.

பேசாத குழந்தை

1983-இல் வந்த ‘முந்தானை முடிச்சு’ படத்தில் பாக்யராஜின் கைக்குழந்தையாகச் சுஜிதா தோன்றினார். அவரை ஊரறியச் செய்தது அதற்குப் பின் வந்த படம். 1986-இல் ஃபாசில் இயக்கிய ‘பூவினு புதிய பூந்தென்னல்’ படத்தில், கொலை ஒன்றைக் கண்ணால் கண்ட, காது கேளாத, வாய் பேசாத சிறுவன் வேடம் அவருக்கு. பெண் குழந்தை, ஆண் பிள்ளை வேடத்தில். அடுத்த ஆண்டு அந்தப் படம் தமிழில் ‘பூவிழி வாசலிலே’ ஆனது; தெலுங்கில் சிரஞ்சீவி நடித்த ‘பசிவாடி பிராணம்’ ஆனது. நாயகர்கள் மாறினார்கள். மம்மூட்டியின் இடத்தில் சத்யராஜ் வந்தார், பிறகு சிரஞ்சீவி வந்தார். குழந்தை மட்டும் மாறவில்லை.

வசனமே இல்லாத வேடம் என்பதால் மொழி தடையாகவில்லை என்று சொல்லி நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரே பயத்தை, ஒரே அழுகையை, ஒரே சிரிப்பை மூன்று படப்பிடிப்புகளில் புதிதாகக் கொண்டுவர வேண்டும். எதிரே நிற்கும் நாயகர் ஒவ்வொரு தடவையும் வேறு ஆள். பெரியவர்களுக்கே கடினமான அந்தப் பயிற்சி சுஜிதாவுக்குப் பள்ளி வயதுக்கு முன்பே கிடைத்தது.

குழந்தை நட்சத்திரங்களில் பலர் வளர்ந்ததும் காணாமல்போவது வழக்கம். சினிமாவில் பெரிய நாயகி இடம் சுஜிதாவுக்கும் அமையவில்லை. அவர் தொலைக்காட்சியின் பக்கம் திரும்பினார். தமிழில் தொடர்கள் செய்தார். 2010-இல் தொடங்கிய ‘ஹரிசந்தனம்’ தொடரின் உண்ணிமாயாவாக மலையாள வீடுகளுக்குத் திரும்பி வந்தார்.

தனத்தைக் காப்பாற்றிய ஐந்து ஆண்டு

தனம் யார்? மளிகைக் கடை நடத்தும் குடும்பத்தின் மூத்த மருமகள். கணவனின் மூன்று தம்பிகளைப் பெற்ற பிள்ளைகளாக வளர்ப்பவள். அவர்களுக்காகத் தன் தாய்மையையே தள்ளிவைத்தவள். இப்படி ஒரு பாத்திரத்தை எழுத்தில் படித்தால் சிலைபோலத் தெரியும். தவறே செய்யாதவளை நடிப்பதுதான் மிகவும் கஷ்டம்.

சுஜிதா செய்தது இது: தனத்தைக் களைப்புள்ள மனுஷியாக்கினார். கொழுந்தன் தவறு செய்துவிட்டு வந்து நிற்கும்போது உடனே மன்னிப்பதில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலையைத் தொடர்வார். கோபம் தணிந்ததைத் தோள் காட்டும்; பேச்சு அதற்குப் பிறகுதான் வரும். வாய் பேசாத சிறுவனாக நடித்தபோது கற்றது முப்பது ஆண்டு கழித்து அடுப்படிக் காட்சியில் பயன்பட்டது.

தொடர் தயாரிப்பின் வேகம் தெரிந்தால்தான் இதன் அருமை புரியும். சினிமாவில் ஒரு நாளில் இரண்டு மூன்று நிமிடக் காட்சி கிடைத்தால் போதும். தினசரித் தொடரில் ஏறக்குறைய ஒரு எபிசோடுக்கான காட்சிகள் அன்றே முடிய வேண்டும். வசனத் தாள் பல சமயம் காலையில்தான் கைக்கு வரும். உதவி இயக்குநர் கேமராவுக்குப் பின்னால் நின்று பிராம்ப்ட் செய்ய, நடிகை அதைக் காதில் வாங்கிக்கொண்டே கண்ணில் அழுகையைக் கொண்டுவர வேண்டும். கண்டினியூட்டிக்காக எந்தப் புடவை, எந்தப் பொட்டு, எந்த வளையல் என்பதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். பார்வையாளர் அளவைக் காட்டும் டிஆர்பி இறங்கினால் கதையின் ட்ராக் மாறும். நேற்றுவரை இருந்த குணம் இன்று மாறச் சொல்வார்கள். அந்த மாற்றங்களுக்கு நடுவே, ஆயிரத்துக்கும் மேற்பட்ட எபிசோடுகளில், ‘இவள் அதே தனம்தான்’ என்று பார்ப்பவர் நம்பும்படி வைத்திருப்பது நடிகையின் பொறுப்பு. எழுத்தாளர் மாறலாம், உடன் நடிப்பவர் மாறலாம். முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் மறைந்தபோது, அந்த வேடத்துக்குக் காவ்யா வந்தார். அந்த இழப்புக்குப் பிறகும் வீட்டை வீடாகக் காட்டும் பாரம் தனத்தின் மேல் விழுந்தது.

இதற்கிடையே 2019-இல் இதே கதை தெலுங்கில் ‘வதினம்மா’ ஆனது. அங்கேயும் மூத்த அண்ணி சுஜிதாதான், பெயர் சீதா. குழந்தையாகத் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே வேடத்தைத் தாங்கியவர், நடுவயதிலும் அதே இரு மொழிகளில் ஒரே வேடத்தைத் தாங்கினார். இந்தியத் தொலைக்காட்சியில் இத்தகைய தொழில்வாழ்வு அரிது.

சிப்பியின் தேவி

மலையாளத்தில் தேவியாக வந்த சிப்பியும் திருவனந்தபுரத்துக்காரர்தான். 1993-இல் பரதனின் ‘பாதேயம்’ படத்தில் மம்மூட்டியின் மகளாக அறிமுகமானவர். 1996-இல் ‘ஜனுமத ஜோடி’ என்ற கன்னடப் படத்துக்காகக் கர்நாடக அரசின் சிறந்த நடிகை விருது பெற்றார். ‘சாந்த்வனம்’ தொடரின் நாயகியும் அவரே, தயாரிப்பாளரும் அவரே. அதை இயக்கிய ஆதித்யன் 2023 அக்டோபரில் காலமானார்; தொடர் 2024 தொடக்கம்வரை நடந்து முடிந்தது.

இரண்டு அண்ணிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். சுஜிதாவின் தனம் உரத்து வருந்துவாள், உரத்து மகிழ்வாள். கதை நடக்கும் குன்றக்குடிப் பக்கத்துக் கடைத்தெருக் குடும்பத்துக்கு அந்தச் சத்தம் பொருந்தும். சிப்பியின் தேவி குரலைத் தாழ்த்தி வைத்திருப்பாள். கண்ணில் நீர் கோத்து நிற்கும், வழிய விடமாட்டாள். கதை ஒன்றுதான், தியாகமும் ஒன்றுதான். ஒரு குடும்பத்தில் மூத்தவள் எந்த அளவுக்கு வாய்திறந்து அழலாம் என்பதில் தமிழ் வீட்டுக்கும் மலையாள வீட்டுக்கும் இருக்கும் இடைவெளியை இந்த இரு நடிகைகளும் தம் உடலால் எழுதிக் காட்டினார்கள்.

குற்றம் யாருடையது?

தொடர்களைப் பற்றிய குறைகள் நியாயமானவை. 2021-இல் அறிவிக்கப்பட்ட கேரள அரசுத் தொலைக்காட்சி விருதுகளில், தகுதியானது இல்லை என்று சொல்லி நடுவர் குழு சிறந்த தொடருக்கான விருதையே தரவில்லை. பெண்களையும் குழந்தைகளையும் தொடர்கள் காட்டும் விதம் கவலை தருவதாகவும் அக்குழு சொன்னது. தன் ஆசைகளையெல்லாம் புதைத்த அண்ணியைத் தெய்வமாக்குவதிலும் ஆபத்து உண்டு. அதைப் பார்க்கும் மாமியார்கள் தங்கள் மருமகள்களிடம் அதையே எதிர்பார்க்கத் தொடங்குகிறார்கள்.

ஆனால் இந்தக் குறைகளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் கதையை முடிவுசெய்கிறவர்கள். சேனல், தயாரிப்பு நிறுவனம், விளம்பரதாரர், வாராந்தர டிஆர்பி ஆகியவை சேர்ந்து தீர்மானித்ததை நடிகை தலையில் கட்டுவது அநீதி. நடிகையின் வேலையை நடிப்பாகவே எடைபோட வேண்டும்: எந்தக் காட்சியில் உயர்ந்தார், எங்கே தேய்ந்த பாவனையைத் திரும்பச் செய்தார், எந்த இடத்தில் மோசமான வசனத்தைத் தன் நிதானத்தால் காப்பாற்றினார் என்று. சினிமா நடிகைகளுக்கு இந்த விமர்சனம் கிடைக்கிறது. தொடர் நடிகைகளுக்குப் புடவையைப் பற்றிய பேச்சும் வதந்தியும்தான் கிடைக்கின்றன.

2023 அக்டோபரில் முதல் ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ நிறைவடைந்தது. அதே மாதம் புதிய குடும்பத்தோடு இரண்டாம் பாகம் தொடங்கியது. மூத்தவள் இடத்துக்கு நிரோஷா வந்தார். திரையிலிருந்து போனவர்கள் விரைவில் மறக்கப்படுகிறார்கள். கோமளத்தின் நடிப்பைப் பற்றி அவர் காலத்தில் யாராவது விரிவாக எழுதி வைத்திருந்தால் அவரை இன்று இவ்வளவு சுருக்கமாகப் பேச வேண்டியிருக்காது. சுஜிதாவுக்கும் சிப்பிக்கும் அந்த நிலை வராமல் தடுக்க இந்த ஊர்களால் முடியும். நெய்யாற்றின்கரை தாலுகாவில் கிராமந்தோறும் நூலகங்கள் இருக்கின்றன, வாசகர் வட்டங்கள் இருக்கின்றன. ஒரு ஞாயிறு மாலை தனத்தின் காட்சி ஒன்றையும் தேவியின் அதே காட்சியையும் அடுத்தடுத்துத் திரையிடலாம். இரண்டு தொடரையும் முழுதாகப் பார்த்த பெண்களை முன்வரிசையில் உட்காரவைத்துப் பேசச் சொல்லலாம். அவர்கள் சொல்வதை இரண்டு மொழியிலும் எழுதி எடுத்து, அடுத்த ஆண்டு இந்த அறக்கட்டளை ஒரு சிறு நூலாக வெளியிடலாம். அதற்கான முதல் கூட்டத்தைப் பாறசாலையில் நடத்தக் கேட்டுக்கொண்டு இந்த உரை நிறைவடைகிறது.