தோமையார் தடத்தில் ஒரு நாள்
(நமது பங்கின் விழாக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



ஐரோப்பா சென்று வந்தவர்கள் உரோமையில் இராயப்பரின் கல்லறையையும், ஸ்பெயினில் யாக்கோபின் கல்லறையையும் கண்ட கதையைச் சொல்லும்போது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே என்று ஏங்குகிறோம். திருத்தணியில் காலைத் திருப்பலி முடித்து வேன் ஏறினால், பொழுது சாய்வதற்குள் ஓர் அப்போஸ்தலரின் கல்லறை முன் முழந்தாளிடலாமே! விழாவை முன்னிட்டு அப்படித்தான் சென்னைக்குப் புறப்பட்டோம். வழியெல்லாம் செபமாலை, பாதி தமிழில், பாதி தெலுங்கில். எல்லை ஊர்க்காரர் நாம், வேறெப்படிச் செபிப்போம்?

முதலில் மயிலாப்பூர் லஸ் கோயில். அங்குள்ள கல்வெட்டு 1516 என்று ஆண்டு சொல்கிறது. கடலில் திசை தெரியாது தவித்த போர்த்துகீசியர் ஓர் ஒளியைக் கண்டு கரை சேர்ந்தார்கள் என்பது மரபு. 'லஸ்' என்றால் ஒளி. நம்மவர் அதைக் காட்டுக் கோயில் என்றே அழைத்தார்கள். இன்று காட்டைக் காணோம், கடைவீதிதான் இருக்கிறது.

அடுத்து சாந்தோம். இன்றுள்ள கோயில் 1896-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1956-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்டது. 1986 பிப்ரவரி 5 அன்று பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் இங்கு வந்து செபித்தார். கல்லறை அருகே நம் சிறுவன் ஒருவன் உரக்கவே கேட்டான்: "தோமையார் எலும்புகள் இத்தாலியில் இருக்கிறதாமே, அப்போ இங்கே என்ன இருக்கு?" பாட்டிமார் அவன் வாயைப் பொத்தப் போனார்கள். வேண்டாம் என்று தடுத்தோம்.

அவன் கேட்டது உண்மைதான். திருப்பண்டங்கள் பழங்காலத்திலேயே எதெஸ்ஸா நகருக்குப் போயின. 1258 முதல் அவை இத்தாலியின் ஓர்த்தோனாவில் வணங்கப்படுகின்றன. இங்கே இருப்பது கல்லறை. கி.பி. 52-இல் அவர் இந்தியா வந்தார் என்பது வழிவழி மரபு, அக்காலத்துக் கல்வெட்டு ஏதும் நம்மிடம் இல்லை. ஆனால் 13-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்கோ போலோ, கிறிஸ்தவர்களும் இஸ்லாமியரும் இக்கல்லறைக்கு யாத்திரை வந்ததையும், இம்மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாகக் கொண்டு போனதையும் எழுதியிருக்கிறார். மரபை மரபென்றும், ஆவணத்தை ஆவணமென்றும் பிள்ளைகளுக்குப் பிரித்துச் சொல்லுவோம். தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவரின் கல்லறையிலேயே கேள்வி கேட்க விடாவிட்டால், வேறெங்கே போய்க் கேட்பார்கள்?

சின்னமலைக் குகையில் சற்று நேரம் செபித்துவிட்டுப் பரங்கிமலை சேர்ந்தோம். உயரம் சுமார் 300 அடி. தணிகை மலையின் 365 படிகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் படிகள் ஒரு பொருட்டா? ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கும் நம் வேன் ஓட்டுநர் எல்லாருக்கும் முன்னே ஏறிப் போய் நின்றார்! இப்படிகளைக் கட்டுவித்தவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்ற ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பழைய பாலத்தை அமைத்தவரும் அவரே. யாத்திரிகர் கால் நனையாமல் வர வேண்டுமென்று ஓர் அயல்நாட்டார் தம் பணத்தைச் செலவிட்டார். மேலே பீடத்தில் பஹ்லவி எழுத்துகள் சூழ்ந்த கற்சிலுவை இருக்கிறது. 1547-இல் மண்ணைத் தோண்டும்போது கிடைத்தது. அதன் முன் நின்று நம் பங்குக்காக இருமொழியிலும் மன்றாடினோம்.

மூட்டுவலிக்கு அஞ்சி வராதிருந்த பெரியவர்களே, மலை உச்சிவரை வண்டிப் பாதை உண்டு. அடுத்த பயணத்துக்கு முன் இருக்கைகள் உங்களுக்குத்தான். உபதேசியாரிடம் பெயர் கொடுத்து வையுங்கள்.