ஓசூர் சாலையை மறித்த சேமிப்பு

பெங்களூரு ஓசூர் சாலையின் பொம்மனஹள்ளியில், 2016 ஏப்ரலில் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள் மறியலில் இறங்கினார்கள். பெரும்பாலோர் பெண்கள். காரணம், நிறுவனம் செலுத்தும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பங்கை 58 வயதுக்கு முன் எடுக்க முடியாது என்று மத்திய அரசு விதி கொண்டுவந்திருந்தது. மகள் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, பள்ளிக் கட்டணம் என்று எது வந்தாலும் அவர்களில் பலருக்குக் கைகொடுக்கும் சேமிப்பு அதுதானே! அவர்கள் கேட்டது நியாயம். ஏப்ரல் 19 அன்று அரசு அந்த விதியைக் கைவிட்டது.

அப்படிக் கைகொடுக்கும் உங்கள் பிஎஃப் பணம் மாதாமாதம் கணக்கில் ஏறுகிறதா? பிஎஃப் உறுப்பினருக்கான யூஏஎன் எண்ணைக் கொண்டு பாஸ்புக்கை இன்றே பாருங்கள். வேலை மாறினால் எடுத்துச் செலவழிக்காமல், புதிய கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.