அது தைரியமா?

நடுவர் அவர்களே! ராஜபாளையம் நாய் வளர்க்கிற வீட்டில் சிப்பிப்பாறை நாயும் எதற்கு, கலந்துவிடாதா என்று எதிரணிச் சகோதரி கேட்டார். இரண்டும் நம்ம விருதுநகர் மாவட்டத்து ஊர்ப்பெயர்கள்தானே! பருவத்துக்கு வந்த பெட்டையைத் தனியே கட்டத் தெரியாதவன், ஒரே இனத்தை வளர்த்தாலும் கெடுத்துவிடுவான் அம்மா!

2005-இல் தபால்தலையில் வந்த ராஜபாளையம் நாய்க்கு ஒரு குறை உண்டு. வெள்ளைக் குட்டிகளில் சில பிறவிச் செவிடு. சிவகாசிப் பக்கம் தீபாவளி வெடிக்கு எல்லாக் குட்டியும் கட்டிலுக்கடியில் ஓடும். ஒன்று மட்டும் அசையாமல் தூங்கும். 'எம்புட்டுத் தைரியம் பாருங்க'ன்னு விலையைக் கூட்டுவார் ஒருவர். ஐயா, அது தைரியமா? காது கேக்கலை! (சிரிப்பு)

பொறுப்பானவர் அதை இனவிருத்திக்கு விடமாட்டார். நல்ல ஜோடி அமையும்வரை காத்திருப்பார். அந்த வருஷச் செலவைச் சிப்பிப்பாறை ஈத்து தாங்கிக்கொள்ளும். ஒன்றையே நம்பியவருக்கு, செவிட்டுக் கடுவனையும் சேர்த்துவிடத்தானே மனசு வரும், நடுவர் அவர்களே?