கிட்டப்பார்வையும் தலையெழுத்தும்

(கள்ளக்குறிச்சியில் பேசியது)



கரும்பலகையில் எழுதியது தெரியவில்லை என்று பிள்ளை சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? ஆணானால் படிக்க வணங்காதவன் என்று அடிக்கிறோம். பெண்ணானால், கண்ணாடி போட்டவளை எவன் கட்டுவான் என்று மூடி மறைக்கிறோம். அல்லது திருஷ்டி கழித்து, மாரியம்மனுக்குக் கண்மலர் சாத்துகிறோம். மாரியம்மனுக்கு வெள்ளி சேர்ந்ததே தவிர, எந்தப் பிள்ளைக்காவது பலகை தெரிந்ததா?

கிட்டப்பார்வையென்றால் என்ன? கண் உருண்டை அளவுக்கு மீறி நீளமாக வளர்ந்துவிடுகிறது. அதனால் தூரத்துப் பொருளின் உருவம் விழித்திரையில் விழாமல் அதற்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. இதில் தலையெழுத்துக்கு என்ன வேலை?

பரம்பரை என்பீர்கள். அதுவும் உண்டுதான். ஆனால் 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். சிங்கப்பூரிலும் சிட்னியிலும் சீன வம்சத்துப் பிள்ளைகளைச் சோதித்தார்கள். வயது 6, 7. பெற்றோருக்கிருந்த கிட்டப்பார்வை இரண்டு ஊரிலும் ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் பிள்ளைகளில், சிங்கப்பூரில் நூற்றுக்கு 29 பேருக்கு அது இருந்தது. சிட்னியில் 3 பேருக்கே! சிட்னிப் பிள்ளைகள் படிக்காதவர்களுமல்ல. அதிகப் புத்தகம் படித்தவர்கள். முக்கிய வித்தியாசம், அவர்கள் வாரத்தில் சுமார் 14 மணி நேரம் வெளியே இருந்தார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகள் 3 மணி நேரமே இருந்தார்கள்.

சீனாவில் குவாங்சோ நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் தினம் 40 நிமிஷம் கூடுதலாகப் பிள்ளைகளை வெளியே விட்டார்கள். 3 வருஷத்தில் மற்றப் பள்ளிகளில் நூற்றுக்கு சுமார் 40 பேருக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தது. இங்கே 30 பேருக்கே வந்தது. இது 2015-இல் வெளியான கணக்கு. மர நிழலில் இருக்கும் வெளிச்சம்கூட வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம்.

நாமோ என்ன செய்கிறோம்? பள்ளிக்கூடம் விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் செல்போன். விளையாட்டு மணியையும் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். பெண் வயதுக்கு வந்தாலோ வாசற்படி தாண்டக்கூடாது! வெளிச்சத்திற்கும் ஆண் பெண் பேதமா?

கல்வராயன் மலைப் பிள்ளை காடுமேட்டில் நடக்கிறது என்பதற்காகப் படிப்பை விடச் சொல்லவில்லை. மலைப் பிள்ளைக்குப் படிப்பும் வேண்டும். ஊர்ப் பிள்ளைக்கு வெளிச்சமும் வேண்டும்.

ஆகையால், ஆணோ பெண்ணோ, தினம் 2 மணி நேரம் வெளியே விடுங்கள். புத்தகத்தை ஒரு முழத் தூரத்தில் வைக்கச் செய்யுங்கள். ஏற்கெனவே பார்வை குறைந்த பிள்ளைக்கு வெளிச்சம் மட்டும் போதாது, கண்ணாடி வேண்டும். கண்ணாடி போட்டால் கண் கெடுமென்பது பொய். அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அதை இலவசமாகக் கொடுக்கக் கண்ணொளி காப்போம் திட்டம் 2009-இலேயே வந்துவிட்டது. கண்மலருக்கு வைத்திருக்கும் பணத்தைப் பஸ் செலவுக்கு வைத்துக்கொண்டு, பிள்ளையைக் கண் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.