சில நாள் மட்டும் வரும் கோளாறு

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனாலும் கார் பேட்டரியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். காரணம் உங்களில் சிலருக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் என் கார் ஒரு நாள் உடனே ஸ்டார்ட் ஆகும், மறுநாள் முனகும். பட்டறைக்குக் கொண்டு போனால் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும். முதலில் புது பேட்டரி போட்டார்கள். மூன்று வாரத்தில் பழைய கதை. அடுத்து ஆல்டர்னேட்டரை, அதாவது நாம் டைனமோ என்று சொல்வதை, மாற்றினார்கள். பிறகு ஓர் இரவு 2 மணிக்கு என் மனைவிக்கு மூச்சுத் திணறல். சாவியைத் திருப்பினேன்; 'டிக்' என்ற சத்தம் மட்டும்தான். பக்கத்து வீட்டுத் தம்பி தன் வண்டியில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். இன்று அவள் முன்வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, நம் தெருவில் வயதானவர்கள்தான் அதிகம். அவசரத்துக்கு 108 இருக்கிறது. ஆனாலும் வாசலில் நிற்கும் காரை நம்பித்தான் தூங்குகிறோம்.

கோளாறு கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து எஞ்சினுக்குப் போகும் எர்த் ஒயரில். போல்ட்டுக்கு அடியில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது புதிதல்ல. உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிறது. கார் இணைப்புகளை மட்டும் விட்டுவிடுமா?

அப்படியானால் பட்டறையில் ஏன் தெரியவில்லை? அங்கே ஹெட்லைட்டும் ஏசியும் அணைந்திருந்தன. மின்சாரம் குறைவாக ஓடும்போது கெட்ட இணைப்பிலும் இழப்பு குறைவு; மீட்டர் 14 வோல்ட் காட்டும். மழை இரவில் ஹெட்லைட், வைப்பர், ஏசி எல்லாம் ஓடும்போதுதான் இழப்பு கூடும். சம்பள நாளில் மட்டும் கேஷ் குறைகிறது என்றால், கூட்டமில்லாத நாளில் எண்ணிப் பார்த்து என்ன பயன்? சம்பள நாளில்தான் எண்ண வேண்டும்.

சோதிக்க ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். டிசி 20 வோல்ட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது: இரவு முழுதும் ஓடாமல் நின்ற காரில் காலையில் பேட்டரியை அளவுங்கள். 12.6 என்றால் நிறைந்திருக்கிறது. 12.2க்குக் கீழே என்றால் பாதிக்கும் குறைவு.

இரண்டாவது: எஞ்சினை ஓடவிட்டு அளவுங்கள். பெரும்பாலான கார்களில் 13.8 முதல் 14.5 வரை இருக்கும். சில புதிய கார்களில் கம்ப்யூட்டரே அளவைக் கூட்டிக் குறைக்கும். அவற்றில் ஒரு அளவை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 15க்கு மேலேயே நின்றால் ரெகுலேட்டர் சந்தேகம்.

மூன்றாவது, முக்கியமானது: ஹெட்லைட், ஏசி விசிறி எல்லாம் போட்டு, எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு மறுபடி அளவுங்கள். 13க்குக் கீழே இறங்கினால் வழியில் எங்கோ கசிகிறது, அல்லது ஆல்டர்னேட்டர் தளர்ந்துவிட்டது.

எது என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும், மறுமுனையை ஆல்டர்னேட்டர் உடலிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அதேபோல் பேட்டரி பாசிட்டிவுக்கும் ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் முனைக்கும் இடையே அளவுங்கள். என் காரில் ஆல்டர்னேட்டரில் 14.2, பேட்டரியில் 13.0. எர்த் பக்கம் 1.1, பாசிட்டிவ் பக்கம் 0.1. கூட்டிப் பார்த்தேன், கணக்கு நேரானது. சில நூறு ரூபாய் ஒயரும் உப்புக்காகிதமும் போதுமாக இருந்தன. அதற்கு முன் ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டேன்.

இணைப்புகள் சரியாக இருந்தும் சார்ஜ் வந்து வந்து போனால், மழையில் கிறீச்சிடும் பெல்ட், தேய்ந்த கார்பன் பிரஷ், சூடானதும் மக்கர் செய்யும் ரெகுலேட்டர் என்று பார்க்கச் சொல்லுங்கள். ஓடும்போது சார்ஜ் சரி, நின்றால் மட்டும் இறங்குகிறது என்றால், பின்னால் போட்ட கேமரா, மியூசிக் சிஸ்டம் போன்றவை தூக்கத்திலும் மின்சாரம் குடிக்கின்றனவா என்று பாருங்கள். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரியவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள். என் காரில் அது ஒருநாளும் எரியவில்லை.

ஒரு சிறு நோட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், மழையா வெயிலா, என்னென்ன போட்டிருந்தேன், எத்தனை வோல்ட். நாலு பதிவு சேர்ந்தால் மெக்கானிக்கிடம் 'சில நேரம் வருகிறது' என்று சொல்ல வேண்டியிருக்காது; 'லைட் போட்டால் வருகிறது' என்று சொல்லலாம்.

சில எச்சரிக்கைகள். எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றிப் பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். ஆல்டர்னேட்டரும் கம்ப்யூட்டரும் போய்விடக்கூடும். துண்டு, முந்தானை, துப்பட்டா பெல்ட் பக்கம் போகக் கூடாது. கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டிருக்க வேண்டும். ஹைபிரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடவே தொடாதீர்கள்.

ஐப்பசி பிறக்குமுன், எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவை முதலில் கழற்றி, டெர்மினல்களைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலின் தடவுங்கள்.

கடைசியாக ஒரு கோரிக்கை. சங்க அறையில் ஒரு மல்டிமீட்டரும் ஒரு ஜம்பர் கேபிளும் வைப்போம். மீட்டரை நான் வாங்கித் தருகிறேன். அளக்கத் தெரியாதவர்கள் கூப்பிடுங்கள், வருகிறேன். அந்த இரவு எனக்கு ஒரு தம்பி வந்தார். எல்லா வீட்டுக்கும் அப்படி ஒருவர் விழித்திருப்பார் என்று சொல்ல முடியாது.